எஃப்சி அக்கா திருப்பி அனுப்பிய கதை

சிறுவர் கதைகளுக்கு பிரேக் பிடிக்கிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்தார். பெயர் எஃப்சி அக்கா. சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தபால்காரர்கூட "எஃப்சி அக்கா, கையெழுத்து" என்றுதான் வந்து நிற்பார்.

நாமக்கல்காரர்களுக்கு எஃப்சி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்து பேசப் பழகும் சொல் அதுதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லாரி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று அரசாங்கம் கொடுக்கும் சான்றிதழ் அது. கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். வண்டியை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன்பு யாராவது ஒருவர் அதைத் தலை முதல் வால் வரை பார்த்து, குறைகளை எழுதி, சரி செய்துகொண்டு வரச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட எங்கள் பக்கம் அவ்வளவு துருவ மாட்டார்கள்.

அந்தத் துருவல்தான் அக்காவின் தொழில். முதலில் அவருடைய கணவர் செய்துகொண்டிருந்தார். லாரிச் சத்தம் தலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சேந்தமங்கலத்துக்கு மாடு வளர்க்கப் போய்விட, அக்கா அவருடைய சுத்தியலையும் காக்கிச் சட்டையையும் எடுத்துக்கொண்டார். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காதில் பென்சில், இடது கையில் டார்ச், வலது கையில் சுத்தியல். டயரை ஒரு தட்டு, அடிச்சட்டமான சேஸை ஒரு தட்டு. சத்தத்தை வைத்தே நோய் சொல்வார். டிரைவர்கள் அவரைக் கண்டால் பீடியை மறைப்பார்கள். முகம் கழுவாத டிரைவர் ஒருவரிடம், வண்டியைப் பார்க்கும் முன்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னதை நானே மாடியிலிருந்து பார்த்தேன்.

இப்படிப்பட்டவர் கதைப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்ததற்கு நான்தான் காரணம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எங்கள் ஒரே மகள் யாழினி வேறு பள்ளி. அவளுடைய வேன் நான்கு மணிக்கு அக்காவின் ஒற்றை ஷட்டர் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடும். நான் வர நாலரை ஆகும். அந்த அரைமணி நேரம் அவளும் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் அக்காவின் ஆபீசில் உட்கார்ந்திருப்பார்கள். அரைமணி நேரத்தில் என்னென்ன நடக்கலாம் என்று எனக்கு ஒரு நோட்டுப் போடும் அளவுக்குத் தெரியும். ஆகவே ஆபீசில் இரண்டு தண்ணீர் பாட்டில், கைகழுவும் திரவம், பதினொரு பேருடைய போன் நம்பர் எழுதிய அட்டை எல்லாம் வைத்தேன். செல்போன் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒரு பை நிறையக் கதைப் புத்தகங்களும் வைத்தேன்.

அக்கா அதுவரை படித்ததெல்லாம் ஆர்சி புத்தகமும் இன்சூரன்ஸ் காகிதமும்தான். ஒரு நாள் வேலை இல்லாமல் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்திருக்கிறார். காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடி எட்டு வயதுப் பையன் மூன்று நாள் காட்டில் அலையும் கதை. நான் வந்தபோது புத்தகத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங் டீச்சர், இதை எப்படிங்க ரோட்டுல உட்டாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மூணு நாளுங்க. இவன் ஒரு வாய் சோறு திங்கல. தண்ணி குடிக்கல. ஒண்ணுக்குப் போவல. ஊட்டுல ஒருத்தரும் தேடல. ஆட்டுக்குட்டிதான் முக்கியம்னு உட்டுட்டாங்களாக்கு? டீசல் போடாத லாரி எங்கயாச்சும் மூணு நாள் ஓடுமுங்களா?"

அது கற்பனைக் கதை என்று சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையனுக்குக் கற்பனையில் பசிக்காதா என்று கேட்டார். பதினெட்டு வருடம் வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகிய நான் யாழினியின் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

மறுநாள் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. லாரிக்குக் குறை எழுதிக் கொடுக்கும் அதே சீட்டு. கார்பன் வைத்து எழுதுவது. ஒன்று ஓனருக்கு, ஒன்று அவருடைய நோட்டிலேயே இருக்கும். 'வண்டி' என்ற இடத்தில் புத்தகத்தின் பெயர். 'ஓனர்' என்ற இடத்தில் எழுதியவர் பெயர். 'குறை' என்ற இடத்தில், பையனுக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை, தேட ஆள் இல்லை. கீழே ரப்பர் ஸ்டாம்ப்: 'திருப்பி அனுப்பு.'

அத்தோடு நிறுத்தவில்லை. லாரிக்குக் குறை சொன்னால் உதிரிப் பாகமும் மாட்டித்தானே ஆக வேண்டும்? கதையின் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி ஒட்டியிருந்தார். அதில் பென்சிலில் எழுதியிருந்தது: 'அங்கே ஒரு அத்தை ஊடு இருந்தது. பையன் போயி இட்லி தின்னான். அத்தை அவன் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். அப்புறம் காட்டுக்குப் போனான்.'

காட்டின் நடுவில் அத்தை வீடு எப்படி வந்தது என்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. அந்த அத்தைப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

இரண்டே மாதத்தில் என் பையிலிருந்த அத்தனை புத்தகமும் சோதனை முடித்தன. துப்பறியும் நான்கு சிறுவர்களைத் திருடன் பாதாள அறையில் இரண்டு நாள் பூட்டி வைக்கும் கதையில் அக்கா ஒண்ணுக்குப் போக ஒரு வாளியை வைத்தார். கோபுரத்தில் தனியாக இருந்த இளவரசிக்கு, வாரம் இரண்டு நாள் விளையாட வர, பள்ளிபாளையத்திலிருந்து ஒரு கூட்டாளியைப் பிடித்துக் கொடுத்தார். சோம்பேறிச் சிறுமியை ராஜா தண்டித்துத் திருத்தும் நீதிக்கதைக்கு வந்த சீட்டில், 'புள்ள சோம்பேறி இல்லை. ரத்தம் கம்மி. முருங்கைக்கீரை கொடுத்துப் பார்த்துவிட்டு ராஜா பேசட்டும்' என்று இருந்தது.

சோதனை முறையைக் கேட்டால் அக்கா விரலை மடக்கிச் சொல்லுவார். சோறு டீசல். தூக்கம் இன்ஜின் ஆறுவது. கூட்டாளி, லாரியில் டிரைவரோடு போகும் கிளீனர். பிள்ளை தானாகச் செய்ய ஒரு வேலை கதையில் இருக்க வேண்டும், அது ஸ்டியரிங். எல்லாவற்றையும் பெரியவர்களே செய்தால் அது கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும் வண்டி. கடைசி விரலுக்கு வரும்போது குரல் கொஞ்சம் மாறும்.

"அழுவறது ஹாரனுங்க. எது இருந்தாலும் இல்லீனாலும் ஹாரன் வேல செய்யோணும். புள்ள அடிச்சா முன்னால போறவன் ஒதுங்கோணும். அது இல்லீன்னா நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். குழந்தை மனவளர்ச்சி பற்றி செல்போனில் வரும் கட்டுரை ஒன்றைக்கூட விடாமல் படித்து, முக்கியமான வரிகளைக் குடும்பக் குழுவில் அனுப்புகிறவள் நான். லாரிக்காரர் எனக்குச் சொல்வதா?

ஆனாலும் அக்காவை எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்துப் போனேன். அது என் தவறு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். கருணையுள்ள ஒரு சிறுவன் தன் மதிய உணவைத் தினமும் பறவைக்குக் கொடுப்பான், நாய்க்குக் கொடுப்பான், வழிப்போக்கருக்குக் கொடுப்பான். கடைசியில் ராஜா மாலை போடுவார். மூன்றாவது முறை டப்பாவைத் திறந்து தானம் செய்தபோது, இரண்டாம் வரிசையிலிருந்து காக்கிச் சட்டை எழுந்தது.

"ஏனுங், அந்தப் பையன் எப்பங்க திம்பான்?"

அரங்கமே சிரித்தது. மேடையில் நின்ற பையன் சிரிக்கவில்லை. வேஷம் கலைந்துவிடும் என்று அவனை மதியத்திலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. மைக்குக்கு நேராக வந்து, தெளிவான உச்சரிப்பில், "எனக்குப் பசிக்குது" என்றான்.

அக்கா பையிலிருந்து தட்டுவடைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டார். ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து கை நீட்டினார். நாய் வேஷம் போட்ட பெண் முகமூடியைக் கழற்றிவிட்டு வந்தாள். எங்கள் தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சோதனைக் குழாய் வெடித்திருக்கும்.

இத்தனை நடந்தும் எனக்கு அக்காவிடம் என் கதையைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது பாருங்கள்.

நான் அவ்வப்போது வார இதழ்களின் சிறுவர் பக்கத்துக்கு எழுதுவேன். அந்த முறை எழுதிய கதைக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. யாழினி ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். முடிவு என்னுடையது, அவர் கோழித் தீவனக் கம்பெனியில் வேலை பார்க்கிற நிதானமான மனிதர், தன் பங்குப் பதற்றத்தையெல்லாம் கல்யாணத்தின்போதே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். என்னோடு வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராக விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் பின்தங்கிவிட்டால்? யாழினியிடமும் கேட்டோம். "போறியா கண்ணு?" என்றேன். "ம்" என்றாள். கேட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைத் தயார்படுத்தத்தான் 'துணிந்த மாதவன்' எழுதினேன். மாதவன் விடுதிக்குப் போகிறான். முதல் நாள் அழுகிறான். வார்டன் வந்து, தைரியசாலி அழ மாட்டான் என்கிறார். மாதவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். படிக்கிறான், படிக்கிறான், கடைசிப் பத்தியில் கலெக்டராகி அதே விடுதிக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறான். யாழினிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நல்லா இருக்கும்மா என்றாள்.

அக்காவின் சோதனைக்குப் பயந்து, மாதவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டிருந்தேன். எட்டரைக்குத் தூங்க வைத்தேன். கதையின் ஓட்டம் கெட்டாலும் பரவாயில்லை என்று ஒரு முறை ஒண்ணுக்கும் அனுப்பினேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க வண்டி ரிஜெக்டுங்க."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சாப்பாடு சரி. தூக்கம் சரி. ஒண்ணுக்கு சரி. கூட்டாளி, காணோம். ஹாரன், ஒயர் துண்டிக்கப்பட்டுள்ளது. திருப்பி அனுப்பு.

"பையன் அழுதான். நிறுத்துன்னாங்க. நிறுத்திக்கிட்டான். அதுக்குப் பொறவு கலெக்டர் ஆவற வரைக்கும் அவன் ஒருக்காக்கூட அழுவலீங்களே டீச்சர். ஹாரன் இல்லாத வண்டிய அத்தன வருசம் ஓட்டியிருக்கறீங்க."

"அக்கா, அதுக்குப் பேரு தைரியம்."

"இல்லீங். அதுக்குப் பேரு ஒயரக் கத்திரிச்சது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை ஒண்ணும் லாரி இல்லை என்றேன். உங்கள் பையனும் பத்து வயதில் விடுதிக்குப் போய்ப் படித்தவன்தானே, இன்று வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறானே என்றேன். அவருடைய மகன் கவின் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் செய்வான். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, போனை வைக்கட்டுமா. நான்கு நிமிடம். மாடிப்படியில் போகும்போது கேட்டிருக்கிறேன்.

அக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில் அது.

நான் மாடிக்குப் போய், இனி அங்கே புத்தகம் படிக்க வேண்டாம், வேன் இறங்கினால் நேராக மேலே வந்துவிடு என்று யாழினியிடம் சாவியைக் கொடுத்தேன். கதையை அப்படியே கவரில் போட்டேன். சனிக்கிழமை பத்தரை மணிக்கு விடுதிப் பள்ளியில் நேர்முகம் இருந்தது. அது முடிந்த பிறகு தபாலில் சேர்க்கலாம் என்று வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு யாழினியைக் காணவில்லை.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வீடு காலி. கதவு சும்மா சாத்தியிருக்கிறது. அவளுடைய செருப்பு இல்லை. என் கணவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூடியே பூட்டியிருந்தது, பூட்டைத் திறந்து பார்த்தார். நான் அக்காவிடம் கொடுத்த அட்டையின் நகலை எடுத்து, அதிலிருந்த பதினொரு பேருக்கும் போன் செய்தேன். வேன் டிரைவருக்கு மூன்று முறை. வீட்டுப் பாடம் கேட்கிற தோழியின் தாத்தாவுக்கு ஒரு முறை. அவர் காது கேட்காதவர், நான் கல்யாணத்துக்கு அழைக்கிறேன் என்று நினைத்து எந்த மண்டபம் என்றார். போலீசுக்குப் போகலாம் என்று செருப்பைத் தேடினேன். ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் என் கணவருடையதும் மாட்டியிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் பார்த்தேன். தட்டு ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஹாட்பாக்ஸில் மூன்று இட்லி குறைந்திருந்தது. எங்கள் வீட்டில் யாழினி தட்டுக் கழுவிய சரித்திரம் கிடையாது.

சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

என் தலைக்குள் ஒரு மஞ்சள் சீட்டு விரிந்தது. அம்மா திட்டியதற்காக வீட்டைவிட்டு ஓடும் பையன் கதை ஒன்று பையில் இருந்தது. அதில் அக்கா ஒட்டிய துண்டுக் காகிதத்தை நான்தான் ஒரு நாள் படித்துச் சிரித்தேன்: 'போறதுன்னா போவட்டும். தின்னுட்டுப் போவணும். ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டுப் போவணும். ரோட்டைத் தாண்டக் கூடாது.'

கீழே ஓடினேன். படிக்கட்டுக்கு அடியில் துணி தேய்க்கும் அண்ணன் அப்போதுதான் எங்கேயோ துணி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். "பாப்பா சொல்லிட்டுத்தான் போச்சுங்க. அம்மா தேடுனா, ரோட்டைத் தாண்டலன்னு சொல்லச் சொல்லுச்சு. அதுக்குள்ள நான் டெலிவரிக்குப் போயிட்டனுங்" என்றார்.

ரோட்டைத் தாண்டாமல் எங்கள் பக்கம் இருப்பது ஒரு மருந்துக் கடை, ஒரு டயர் கடை, அக்காவின் ஆபீஸ். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனியப் போனவள், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு அப்படியே நின்றேன்.

"ராத்திரி தூக்கம்?" அக்காவின் குரல். லாரி டிரைவரிடம் கேட்கிற அதே குரல்.

"வர மாட்டேங்குது."

"எத்தன நாளா, சாமி?"

"அம்மா கதை படிச்சுக் காட்டுனதுல இருந்து."

பென்சில் எழுதும் சத்தம்.

"சோறு?"

"மூணு இட்லி."

"கூட்டாளி?"

"இங்க இருக்காங்க. அங்க யாருன்னு தெரியாது."

"பயம் இருக்குதா?"

"இருக்கு."

"என்னத்துக்கு?"

"அங்க அழுதா தைரியசாலி இல்லைன்னு சொல்லுவாங்க."

"ஆரு சொன்னா அப்படி?"

"அம்மா கதையில வார்டன் சொன்னாரு."

நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி. இத்தன பயத்தையும் அம்மாகிட்டச் சொன்னியா கண்ணு?"

யாழினி ரொம்பப் பொறுப்பான குரலில் சொன்னாள்: "சொன்னா அம்மா பயந்துக்குவாங்க. அவங்களுக்கு ஏற்கெனவே நிறையா இருக்கு."

அக்கா சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஷட்டருக்கு அடியில் நுழைந்தேன். நுழைந்ததில் தலையில் இடித்துக்கொண்டேன். ஆபீஸ் நடுவில், லாரிகள் நிற்பதுபோல, கையை உடம்போடு ஒட்டி விறைப்பாக என் மகள் நின்றிருந்தாள். அக்கா டார்ச்சோடு அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"ஓனர் வந்தாச்சு" என்றார் அக்கா. "எட்டரையில இருந்து உங்களுக்குப் போன் போடறனுங்க. ஒருக்காவாச்சும் லைன் கெடைக்கோணுமே. புள்ளையே வந்து எனக்கு எஃப்சி பாருங்கன்னு நின்னுச்சு. வந்த வண்டியத் திருப்பி அனுப்ப முடியுங்களா?"

சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். கடைசி வரி இன்னும் எனக்கு மனப்பாடம். 'ஹாரன்: நல்ல நிலையில் உள்ளது. அடிப்பதில்லை. காரணம்: முன்னால் போகும் வண்டி பயப்படும். ஓனர் சரி செய்துகொண்டு வரவும்.'

ஸ்பேர் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். யாழினி என் கால்களைப் பார்த்தாள். "அம்மா, ஒண்ணு அப்பா செருப்பு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது. நல்ல சத்தமான அழுகை. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். யாழினி பயந்துவிடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி தானும் ஆரம்பித்தாள். அக்கா வெளியே போய் வாசலை மறைத்து நின்றுகொண்டு, ஒன்றும் இல்லை, வண்டி டெஸ்ட் நடக்கிறது என்று டயர் கடைக்காரரிடம் சொன்னார்.

பத்தரை மணி நேர்முகத்துக்கு நாங்கள் போகவில்லை. அன்று முழுக்க யாழினி பேசினாள். வார்டனைப் பற்றி, பொதுக் குளியலறையைப் பற்றி, அங்கே தன் பெயரைச் சரியாகக் கூப்பிடுவார்களா என்பது பற்றி. நான் ஒதுங்கி நின்று கேட்டேன். குறுக்கே புகுந்து தீர்வு சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைப்போன்ற அம்மாக்களுக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக் கடித்து, மறுநாள் ரசம் பட்டதும் எரிந்தது.

அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றரைக்கு அக்காவுக்குக் கோழிக்குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "அதான் கேக்கறன் சாமி, அப்ப உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று அக்கா போனில் கவினிடம் சொல்வது கேட்டது. அதற்கப்புறம் வெறும் "ம்" மட்டும்தான். நான் மேலே வந்துவிட்டேன். பன்னிரண்டரைக்குப் போனேன், "ம்." ஒன்றே காலுக்குக் குழம்பைச் சுட வைத்துக்கொண்டு போனபோதுதான் ஷட்டர் ஏறியது. அக்காவின் கண் இரண்டும் பிரேக் லைட் மாதிரி சிவந்திருந்தது. குழம்பில் உப்பு கம்மி என்றார். நான் உப்பு எடுத்துவர மேலே போனேன்.

'துணிந்த மாதவன்' நான்காவது முறைதான் பாஸ் ஆனான். புதிய கதையில் வார்டன் மாதவன் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்காக அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை வாயைத் திறக்காமல் இருப்பார். மாதவன் கலெக்டர் ஆகவில்லை. கதை அன்று சாயங்காலத்தோடு முடிந்துவிடும். வார இதழில் வந்தது. ஆனால் அவன் ஒண்ணுக்குப் போகும் வரியை ஆசிரியர் வெட்டிவிட்டார். அக்கா அந்த இதழ் முழுவதற்கும் 'திருப்பி அனுப்பு' குத்தி, அதை ஆசிரியருக்கே தபாலில் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை. இந்தக் கட்டுரையை அதே ஆசிரியர்தான் படிக்கப் போகிறார் என்பதால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

யாழினி எங்களோடே இருந்து படித்தாள். போன வருடம் என் கணவருக்குத் திருச்செங்கோட்டுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வந்த மினி லாரியை அக்கா முதலில் சுற்றிப் பார்த்து, பின்னால் ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இல்லை என்று டிரைவரை அனுப்பி வாங்கி ஒட்ட வைத்தார். அதற்குள் யாழினிக்கும் கடைசி சோதனை நடந்தது. பதிமூன்று வயது, அக்காவின் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். ஆனாலும் கையை ஒட்டி விறைப்பாகத்தான் நின்றாள். எல்லாம் சரி என்று எழுதி, 'ஃபிட்' ஸ்டாம்ப் குத்தி, சீட்டை என்னிடம் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். 'செல்லுபடியாகும் நாள்' என்ற இடம் காலியாக இருந்தது. ஒரு நாள் தள்ளிப்போனாலும் லாரியை வாசலில் நிற்க விடாத அக்கா!

"தேதி போடலீங்களே அக்கா" என்றேன்.

"நீங்கதானுங்க சொன்னீங்க. புள்ள ஒண்ணும் லாரி இல்லீன்னு."

சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். என்னை எதிர்த்துப் பேச யாழினிக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று மூன்று வருடமாக நான் குற்றம் சாட்டிய பெண்மணி, அதே மூன்று வருடமாக என் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மினி லாரி கிளம்பத் தயாரானது. முன் சீட்டில் ஏறப் போன யாழினி, கதவைப் பிடித்துக்கொண்டே சத்தமாக அழ ஆரம்பித்தாள். பதிமூன்று வயதுப் பெண் நடுத் தெருவில் அழுகிறாள் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையைச் சாய்த்து, சேஸைத் தட்டிக் கேட்கிற மாதிரி, கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார்.

"நல்ல சத்தமுங்க" என்றார் என்னிடம். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஹாரனும் அடித்துவிட்டது.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஜாடை காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். பிறகு இரண்டு பேருக்கும் வழிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன்.